அப்பா எண்ணி வைத்த காலடிகள்

நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் பேச்சு முழங்காலில் ஆரம்பித்து வீட்டில் வந்து நிற்கிறது. மாடியா, தரைத்தளமா? லிஃப்ட் இருக்கிறதா? ஆஸ்பத்திரி பக்கமா? உங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான் ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். பிள்ளைகளிடம் சொன்னால் பாதியிலேயே போனைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

சென்னையில் முப்பத்தாறு வருஷம் இருந்தாயிற்று. அலுத்துவிட்டது. எங்கள் தெருமுனையில் இரண்டு வருஷமாகப் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். எதிர்வரிசையில் இருக்கிற மருந்துக் கடைக்குப் போக ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கிறது. அவனும் ஒரு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டுதான் போகிறான். விருதுநகர்ப் பக்கம் போய்விடலாம் என்று வீட்டுக்காரர் சொன்னபோது நான் மறுக்கவில்லை. சொந்த ஊர்ப்பக்கம்தான், ஆனால் ஊர்ப்பாசத்தில் போகவில்லை. கால் வலியில் போகிறோம்.

மூன்று மாதத்தில் ஐந்து வீடு பார்த்தோம். ஆமத்தூரில் ஒன்று நல்ல வீடு. காற்று அள்ளிக்கொண்டு போகிறது. ஆனால் ஒரு மாத்திரை வாங்க விருதுநகர் வர வேண்டும். கடைசியாக விருதுநகருக்குள்ளேயே ஒன்று. புரோக்கர் ஜன்னலைத் திறந்துவிட்டு, "மார்க்கெட், ஆஸ்பத்திரி, கோயில், ரயில்வே ஸ்டேஷன், அம்புட்டும் நடந்து போற தூரந்தாம்மா" என்றார். வீட்டுக்காரர் உடனே போனை எடுத்துத் தூரம் பார்க்க ஆரம்பித்தார். "ஆறு நிமிஷம். இங்க பாரு, இது நாலு நிமிஷம்." அவர் முகம் குழந்தை மாதிரி மலர்ந்திருந்தது.

நான் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயில் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

'நடந்து போற தூரம்' என்கிற அந்த வார்த்தையை நான் முதன்முதலில் கேட்டபோது எனக்குப் பத்து வயது.

அப்போது நாங்கள் மெட்ராஸின் வடக்குக் கோடியில் இருந்தோம். அப்பாவுக்கு அச்சாபீஸில் மிஷின்மேன் வேலை. போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். நான் முழித்திருக்கும்போது அவரைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைதான். ஒருநாள் சாயங்காலம் ஓடுகிற பஸ்ஸின் படியிலிருந்து விழுந்துவிட்டார். எலும்பு ஒன்றும் முறியவில்லை. இடது பக்கம் தோள் முதல் முழங்கால் வரை தோல் வழன்றுபோயிருந்தது. பத்து நாள் வாழை இலையில் படுத்திருந்தார். அந்தப் பத்து நாளில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். எழுந்து உட்கார்ந்த அன்று அம்மாவிடம் சொன்னார்:

"இனி நான் பஸ்ஸுல ஏற மாட்டேன். ஏறாம வாழ முடியிற ஊருக்குப் போயிருவோம்."

அப்பாவோடு முன்பு வேலை பார்த்தவர் ஒருவர் சிவகாசியில் ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸில் ஃபோர்மேனாக இருந்தார். அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அப்பா பிறந்ததே அந்தப் பக்கம்தான். அம்மாவுக்கு ஊர் செங்கல்பட்டுப் பக்கம். ஆசிரியைப் பயிற்சி முடித்து, மெட்ராஸில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தாள். அவளும் தினமும் பஸ்ஸில்தான் போய்வந்தாள். அவள் விழவில்லை. அதனால் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அப்பா முன்னால் போனார். ரயிலில்தான், அது பஸ் இல்லை என்று சொல்லிக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. அம்மா அதை எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினாள். இரண்டு வீடு பார்த்ததாக எழுதியிருந்தார். ஒன்று சொந்தக்காரர்கள் இருக்கிற கிராமத்தில், பெரிய வீடு, ஆனால் எதற்கும் பஸ். இன்னொன்று சிவகாசிக்குள், பிரஸ்ஸுக்குப் பின்னால் ஒரு காம்பவுண்டில், இரண்டே அறை. இரண்டாவதைத்தான் பேசி முடித்திருக்கிறேன் என்று எழுதி, கீழே ஒரு பட்டியல் போட்டிருந்தார். பிரஸ், முந்நூற்று நாற்பது காலடி. பலசரக்குக் கடை, தொண்ணூறு. கோயில், இருநூறு. பாப்பா பள்ளிக்கூடம், அறுநூற்றுப் பத்து. ஆஸ்பத்திரி, ஆயிரத்து நூறு. எல்லாம் நானே நடந்து எண்ணியது.

"எல்லாமே நடந்து போற தூரம்" என்று அம்மா கடைசி வரியை வாசித்தாள். அப்புறம் கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அவள் என்ன தேடினாள் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. அவளுடைய பள்ளிக்கூடம் எத்தனை காலடி என்று அதில் இல்லை.

ஒரு ஆனி மாதம் போய் இறங்கினோம். அந்த வெயிலை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காம்பவுண்டில் எட்டு வீடு, நடுவில் ஒரு அடிபம்பு, அதில் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் தெருக்குழாயில் எப்போதாவது வரும். வருகிற அன்று குடங்கள் விடியும் முன்னாலேயே வரிசையில் உட்கார்ந்திருக்கும். பிரஸ்ஸிலிருந்து வருகிற சாக்கடை ஒருநாள் சிவப்பாக ஓடும், ஒருநாள் நீலமாக ஓடும். அன்றைக்கு என்ன படம் அச்சாகிறது என்று அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். அப்பாவின் கையில் எப்போதும் மண்ணெண்ணெய் வாசம். மை போக அதில்தான் கழுவுவார்.

பக்கத்து வீட்டு அத்தை வெடிக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தவர். இடுப்பு வலி வந்த பிறகு வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டினார். வேலையை விட்டு வருஷம் இரண்டாகியும் அவர் நகக்கண்ணில் வெள்ளிப் பொடி மினுங்கும். என்னை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏ புள்ள, இங்கன வா" என்பதுதான்.

அப்பாவுக்கு அந்த ஊர் பிடித்துப்போனது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தார். சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டுக் கால் மணி நேரம் கண் அசந்துவிட்டுப் போனார். அவர் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனது அந்த வருஷம்தான். அதை மறைத்துச் சொன்னால் அவருக்கு நான் துரோகம் செய்தவளாவேன். அவர் கணக்கு அவருக்குச் சரியாகத்தான் இருந்தது.

அம்மாவுக்குத்தான் போக இடமில்லை. தொண்ணூறு காலடியில் கடை, இருநூறில் கோயில். என் பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டாள், இடம் இல்லை என்றார்கள். காலை பத்து மணிக்கு எல்லா வேலையும் முடிந்துவிடும். நான் சாயங்காலம் வரும்போது வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். தெருவில் போகிறவர்கள் "பட்டணத்து டீச்சர் சும்மாதான் இருக்காக" என்று அவள் காதுபடவே பேசிக்கொண்டு போவார்கள். சும்மா இருக்கிறவள் என்று யாராவது தன்னைச் சொல்லி அதற்கு முன்னால் அவள் கேட்டதில்லை.

ஆடி மாதம் பக்கத்து வீட்டு அத்தைதான் ஒரு செய்தி கொண்டுவந்தார். வெம்பக்கோட்டைக்கு அந்தப் பக்கம், ஆற்றைத் தாண்டி, அவருடைய தங்கச்சி ஊரில் ஒரு பள்ளிக்கூடம். டீச்சர் ஒருவர் பிரசவத்துக்குப் போயிருக்கிறார். ஆள் இல்லாமல் பிள்ளைகள் வெயிலில் விளையாடிக்கொண்டிருக்கின்றன.

அம்மா அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் கேட்டாள். ரசம் ஊற்றிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்பது போல.

அப்பா சிரித்தார். "பஸ்ஸுலயா? அதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்?"

"முக்கா மணி நேரம்தாங்க."

"எனக்கும் முக்கா மணி நேரந்தான்னு ஆரம்பிச்சதுதான் அங்க. வேணாம். பாப்பாவப் பாத்துக்கிட்டு நிம்மதியா இரு."

கோபமே இல்லை. அப்பளத்தை நொறுக்கிச் சாதத்தில் போட்டுக்கொண்டார். பேச்சு முடிந்துவிட்டது.

ஆடிப்பெருக்கு முடிந்ததும் காலண்டர் சீசன் சூடு பிடித்தது. ஆர்டர் குவிந்து கிடந்தது. அப்பா மத்தியானம் வருவது நின்றது. கேரியரில் சாப்பாடு எடுத்துப்போய், ராத்திரி எட்டு மணிக்குத்தான் திரும்பினார். அந்த வாரமே ஒரு காலையில் அம்மா மெட்ராஸ் சேலை ஒன்றை எடுத்துக் கட்டினாள். எனக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டே சொன்னாள்:

"நான் இன்னிலேர்ந்து ஸ்கூலுக்குப் போறேன். சாயந்திரம் அஞ்சரைக்கு வந்துடுவேன். அதுவரைக்கும் அத்தை வீட்டுல இரு. அப்பாகிட்ட நீயா சொல்ல வேண்டாம். அவரா கேட்டா பொய்யும் சொல்லாதே."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனித்தீர்களா? பிள்ளையைப் பொய் சொல்ல வைக்கக் கூடாது என்கிற அளவுக்கு அவள் டீச்சர்.

அடுத்த மூன்று மாதமும் எனக்குக் கிடைத்த அம்மா வேறு. வேகமாக நடந்தாள். சேலைத் தலைப்பில் சாக்பீஸ் தூள் ஒட்டியிருக்கும். பிள்ளைகள் கொடுத்துவிட்டதாகப் பச்சை நிலக்கடலையைச் செடியோடு கொண்டுவருவாள். ஒரு நாள் கொய்யாப்பழம், ஒரு நாள் பனம்பழம். "இன்னிக்கி ஒருத்தன் எழுத்துக் கூட்டி வாசிச்சுட்டான்" என்று யாருக்கோ வேலை கிடைத்த மாதிரி சொல்வாள். ஒரு லீவு நாளில் என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வழியாகப் போனபோது கண்டக்டர் ஒருவர், "என்ன டீச்சர், இன்னைக்கு லீவா?" என்று கேட்டார். அம்மாவுக்குக் காது வரைக்கும் சிரிப்பு. அந்த ஊரில் அவளை அறிந்த முதல் ஆள் ஒரு பஸ் கண்டக்டர்.

அப்பாவுக்குத் தெரியாமல் எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். சீசனில் அவருக்கு வேறெதுவும் தெரியாது. சாப்பிட்டதும் தூங்கிவிடுவார். காம்பவுண்டில் எட்டு வீட்டுக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு அத்தை எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

ஐப்பசியில் மழை வந்தது. வெடி காய வேண்டிய நேரத்தில் மழை வந்தால் அந்த ஊரே இழவு வீடு மாதிரி ஆகிவிடும். அன்று விடியற்காலையிலிருந்து கொட்டியது. அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு போனாள். பதினொரு மணிக்கு எங்கள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார்கள். இரண்டு மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம். அப்பா. கரண்டு போய், காகிதமெல்லாம் ஈரம் குடித்து, பிரஸ்ஸை நிறுத்திவிட்டார்களாம்.

தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார். "அம்மா எங்க?"

"கடைக்கு" என்றேன்.

அம்மா சொல்லாதே என்று சொன்ன பொய். எனக்கு அது பொய்யாகவே தோன்றவில்லை. அவளைக் காப்பாற்றுகிறேன் என்று தோன்றியது.

கால் மணி நேரம் பார்த்துவிட்டு அப்பா குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். வந்தார். "கடையில இல்லையே."

"கோயிலுக்குப் போயிருக்கும்."

கோயிலுக்குப் போனார். அங்கேயும் இல்லை. பிறகு என்னிடம் கேட்கவில்லை. என்னை அழைக்க வந்து வழி தவறியிருப்பாளோ என்று பள்ளிக்கூடம் வரை போனார். மார்க்கெட்டுக்குப் போனார். கடைசியில் ஆஸ்பத்திரிக்கும் போய் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்களையெல்லாம் பார்த்துவிட்டு வந்தார். அவர் எண்ணிப் பட்டியல் போட்ட ஒவ்வொரு இடத்துக்கும் அந்த மழையில் நடந்திருக்கிறார். ஒன்றிலும் அவள் இல்லை. குடை எங்கேயோ மடங்கிப்போய், முழுக்க நனைந்து வந்து வாசலில் நின்றார்.

"ஏத்தா, ஒங்கம்மா எங்கத்தா?"

அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. நான் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். வெம்பக்கோட்டை. பஸ். மூன்று மாசமாக.

அவர் கை ஓங்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, "ஆத்துல தண்ணி வருதுன்னு பிரஸ்ஸுல பேசிக்கிட்டாக" என்றார். அவ்வளவுதான். படியிறங்கிவிட்டார்.

பக்கத்து வீட்டு அத்தையின் புருஷன், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், கூடவே ஓடினார். அங்கே நடந்ததையெல்லாம் பின்னால் அவர் சொல்லித்தான் தெரியும். பஸ் பாதி வழி வரைக்கும்தான் போகும் என்றிருக்கிறார்கள். அப்பா ஏறியிருக்கிறார். உட்கார இடம் இருந்தும் உட்காராமல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நின்றாராம். இறக்கிவிட்ட இடத்திலிருந்து சேற்றில் நடந்திருக்கிறார்கள். கருவேல முள் செருப்பைத் துளைத்துப் பாதத்தில் ஏறியதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

தரைப்பாலத்தில் இடுப்பளவு தண்ணீர் சுழித்து ஓடிக்கொண்டிருந்ததாம். கரையில் கூட்டம். ஒருவர் சொல்லியிருக்கிறார்: "மத்தியானம் ரெண்டு பொம்பளைக தாண்டப் பாத்தாக. ஒருத்தி கரையேறிட்டா. இன்னொருத்தியக் காணோம். குடை வச்சிருந்தா."

மாமா சொன்னார், "ஒங்கப்பா தண்ணியவே பாத்துக்கிட்டு நின்னாக. ரெண்டு தடவ எறங்கப் போனாக. நாந்தான் இடுப்பக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன்."

அங்கே அவர் அப்படி நின்றுகொண்டிருந்த அதே நேரத்தில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் மத்தியானமே பிள்ளைகளை அனுப்பிவிட்டு, பஸ் இல்லாததால் தலைமையாசிரியையான பெரிய டீச்சரோடு ரோட்டில் நின்றிருக்கிறாள். ஆலங்குளம் சிமெண்டு லோடு ஏற்றிவந்த லாரி ஒன்று நின்றிருக்கிறது. டிரைவர் வயதானவர். "ஏறுங்கம்மா, சுத்து வழியாத்தான் போறேன்" என்று, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று சுற்றிக் கொண்டுவந்து சிவகாசியில் இறக்கிவிட்டிருக்கிறார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு உள்ளே நுழைந்தாள். சேலையெல்லாம் சிமெண்டுத் தூள் ஈரத்தில் ஒட்டிச் சாம்பலாக இருந்தது.

"அப்பா வந்துட்டாரா?"

"வந்துட்டு உன்னைத் தேடிப் போயிருக்காரு."

அவள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அத்தை சேலை மாற்றச் சொல்லியும் மாற்றவில்லை.

கடைசி பஸ்ஸில் அவர்கள் திரும்பினார்கள். அப்பா நொண்டிக்கொண்டு வந்தார். வாசலில் அம்மாவைப் பார்த்ததும் நின்றார். நான் அத்தையின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தொடை நடுங்கியது எனக்குத் தெரிந்தது. மெதுவாகச் சுவரைப் பிடித்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வந்துட்டியா" என்றார். அப்புறம், "சாப்பிட்டியா?"

அம்மா அப்போதுதான் அழுதாள்.

காணாமல் போன அந்தப் பெண்ணும் கீழே ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு பிழைத்துவிட்டாள் என்று மறுநாள் தெரிந்தது. ஆனால் அந்த இரண்டு மணி நேரம் அப்பாவுக்கு அம்மா செத்துப் போயிருந்தாள். அதை அவரால் கடைசிவரை மனசிலிருந்து உதற முடியவில்லை.

மறுநாளும் அவர் ஏசவில்லை. அவள்தான் அவர் பாதத்திலிருந்து முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். "இனி உனக்கு அந்த அலைச்சல் வேணாம்" என்று மட்டும் சொன்னார். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அம்மா தலையை ஆட்டினாள். ஐயோ, தப்பித்தோம் என்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இப்போது யோசித்தால் தெரிகிறது. அன்றைக்கு அவர் கத்தியிருந்தால் அம்மா எதிர்த்துச் சண்டை போட்டிருப்பாள். சண்டை போடத் தெரிந்தவள்தான். காலில் முள்ளோடு உட்கார்ந்து கெஞ்சுகிற மனுஷனோடு யார் சண்டை போடுவது?

அப்பா பிரஸ்ஸில் பேசி அவளுக்கு ஒரு வேலையும் பார்த்துக் கொடுத்தார். காலண்டரின் தினசரித் தாள்களைப் பிழை திருத்துவது. அவரே கொண்டுவந்து கொடுத்து, அவரே எடுத்துப் போவார். அவள் வாசற்படி தாண்ட வேண்டியதே இல்லை. நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம். முந்நூற்று அறுபத்தைந்து நாளையும் சிவப்பு மையால் திருத்தினாள். அப்பா அதைப் பெருமையாக எல்லோரிடமும் சொன்னார். "டீச்சர் கண்ணுக்கு ஒரு புள்ளி தப்பாது."

அதற்கப்புறம் முப்பது வருஷம் அந்த ஊரில்தான் இருந்தார்கள். அப்பா போன பிறகு அம்மாவை நான் சென்னைக்குக் கூட்டிவந்தேன். எங்காவது போய்வரலாம் என்று கூப்பிட்டால், "நடந்து போற தூரமா?" என்று கேட்பாள். இல்லை என்றால், "நீங்க போய்ட்டு வாங்க" என்பாள். ஒரு காலத்தில் ஓடுகிற பஸ்ஸில் தாவி ஏறியவள். கடைசியில் எங்கள் வீட்டுப் பால்கனிக்குக்கூட வர மாட்டாள்.

என் விஷயத்துக்கு வருகிறேன். ரிட்டையர் ஆன பிறகு நான் பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பரீட்சை எழுதிக் கொடுக்கப் போகிறேன். அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். என் கருத்தைச் சேர்க்கக் கூடாது, ஒரு கமாவைக்கூட. அது எனக்குப் பிடித்திருக்கிறது. விருதுநகர் போய்விட்டால் இதற்கு மதுரைதான் போக வேண்டியிருக்கும். வீடு பார்த்து வந்த அன்று இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் என் முழங்காலைத் தொட்டு, "இந்தக் காலை வச்சுக்கிட்டா? போதும்மா. அந்த அலைச்சல் உனக்கு எதுக்கு?" என்றார். நல்ல மனுஷர். ராத்திரி எனக்குத் தைலம் தேய்த்துவிடுகிறவர்.

அப்போதுதான் அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். மூன்றாம் நாள் காபியைக் கொடுத்துவிட்டு, "விசாரிச்சேன். அந்த வீட்டுல இருந்து கொஞ்சம் நடந்தா மதுரை பஸ் நிக்கிற இடம். நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

"நீங்க கூட்டிட்டுப் போக வேண்டாம். நானே போய்க்கிறேன்" என்றேன்.

முகம் கொஞ்சம் வாடிவிட்டது. ஆனால் சரி என்றார். சித்திரையில் குடிபோகிறோம். முழங்கால் எத்தனை நாள் ஒத்துழைக்கும் என்று தெரியாது. முடிகிற வரைக்கும் போவேன். முடியாமல் போனால் அது என் கால் சொல்லட்டும்.

அவரிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அந்த வருஷம் மார்கழிக் கடைசியில் நடந்தது.

பெரிய டீச்சர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். அறுபது வயதிருக்கும், வெள்ளைச் சேலை, கையில் கனமான துணிப்பை. பிரசவத்துக்குப் போன டீச்சர் இனி வரப்போவதில்லையாம். அம்மா வந்தால் நிரந்தரமாகவே எடுத்துக்கொள்வார்களாம். "தை பொறந்ததும் வந்துருங்க டீச்சர். பிள்ளைக தெனமும் கேக்குதுக" என்றார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அப்பா வீட்டில் இருந்தார். "வாங்க டீச்சர், உக்காருங்க, காபி சாப்பிடுங்க" என்று அவர்தான் உபசரித்தார். இதைக் கேட்டதும், "அவ இஷ்டந்தான் டீச்சர். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். சொல்லிவிட்டுத் தன் பாதத்தைத் தடவிக்கொண்டார். முள் ஏறிய இடம் அப்போதும் முழுசாக ஆறியிருக்கவில்லை.

"யோசிச்சுச் சொல்றேங்க" என்றாள் அம்மா.

டீச்சரை வழியனுப்ப அம்மாவும் நானும் பஸ் ஸ்டாண்டு வரை போனோம். வெம்பக்கோட்டை பஸ் புறப்படத் தயாராக நின்றது. பை கனம் என்று அம்மா அதை வாங்கிக்கொண்டு டீச்சரோடு உள்ளே ஏறினாள். ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்தது. பையை சீட்டுக்கு அடியில் வைத்தாள். நிமிர்ந்தாள். பிறகு டீச்சருக்குப் பக்கத்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள்.

சும்மா உட்கார்ந்தாள். முன்னால் பார்த்துக்கொண்டு, மடியில் கையை வைத்துக்கொண்டு, தினமும் போகிறவள் எப்படி உட்காருவாளோ அப்படி. டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பினார். பஸ் உறுமியது. அவள் எழுந்திருக்கவில்லை. பெரிய டீச்சர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். விசிலை வாயருகே கொண்டுபோன கண்டக்டர் குனிந்து கேட்டார்: "என்ன டீச்சர், வர்றீகளா, எறங்குறீகளா?"

அந்த ஒரு நிமிஷத்தில் அவள் என்ன முடிவு பண்ணியிருந்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்த ஸ்டாப் வரை போய் இறங்கியிருப்பாளா, அங்கேயே போயிருப்பாளா, தையில் வருகிறேன் என்று சொல்லியிருப்பாளா? தெரிந்துகொள்ள நான் விடவில்லை. எனக்கு ஆறும், மழையும், அப்பாவின் நடுங்கின காலும் ஞாபகம் வந்துவிட்டது. தொண்டை கிழிகிற மாதிரி கத்தினேன்.

"அம்மா! எறங்கும்மா!"

பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தாள். எழுந்து, டீச்சருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கி வந்தாள். பஸ் போனது. புழுதி அடங்கும் வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.

அவள் என்னைக் கோபிக்கவில்லை. வழியில் ஒரே ஒரு தடவை, "பசிக்குதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். என் கையைப் பிடித்திருந்த அவள் கை குளிர்ந்துபோயிருந்தது. நான் அதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

காம்பவுண்டு வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் நொண்டிக்கொண்டே நாலு எட்டு முன்னால் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அதுக்குள்ள வந்துட்டீகளா? பாத்தியா, எம்புட்டுப் பக்கம்!"